என் இருபத்து மூன்று முதுகுவலிகள் பற்றி மாமாவுக்கு

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் தம்பி எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி சுகம், மகள் சுகம், நானும் கழுத்து வரைக்கும் சுகம். கழுத்துக்குக் கீழே என்ன நிலைமை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன வாரம் "மாமா, ஒரு வழக்கு விஷயமா" என்று நான் ஆரம்பித்ததும் உங்கள் பக்கம் சிக்னல் போனது, இன்றுவரை திரும்பவில்லை. அதோடு, வாயால் சொன்னதற்கு ஆதாரம் ஏது என்று கேட்கிறவர் நீங்கள். அதனால் எழுத்திலேயே தருகிறேன். இஸ்திரி மேசை மேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்தால் என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். வீட்டில் இருப்பது மனைவியும், ஆறு வயது மகளும்.

நான் விழுந்த கதை அக்கா மூலமாக உங்களுக்கு வந்திருக்கும். அக்கா மூலமாக வந்திருந்தால் நான் மாடியிலிருந்து தலைகீழாக விழுந்ததாக இருக்கும். அப்படி இல்லை. எங்கள் கிடங்கில் குளியலறைச் சாமான்கள் வந்து இறங்கும், வெளியே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். வாஷ்பேசின்களில் தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்க்கிற இடத்துக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு சரிவுப் பாதை. ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகும், அந்தச் சரிவில்தான் போகும். இரண்டு மாதமாக அதில் பாசி பிடித்துக் கிடக்கிறது, மணல் போடுங்கள் என்று எட்டு தடவை சொன்னோம். மேனேஜர், "மணல் போட்டா பீங்கான்ல கீறல் விழும்பா" என்றார். அன்று காலை முப்பத்தெட்டு கிலோ கமோடு ஒன்றைத் தோளுக்கும் வயிற்றுக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு இறங்கினேன். கால் வழுக்கியது. கமோடு முதலில் கீழே போய் நிமிர்ந்து நின்றது, நான் அடுத்ததாகப் போய் அதன் மேல் உட்கார்ந்தேன், பிறகு இருவரும் சேர்ந்து சரிவு முழுக்க வழுக்கிக்கொண்டே போய் லாரியின் பின்சக்கரத்தில் முட்டி நின்றோம். லாரி டிரைவர் என்னை உட்கார்ந்த கோலத்தில் பார்த்துவிட்டு, "அவசரமாண்ணே" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், முதுகுக்குள் ஏதோ ஒன்று ஈரத்துணியைப் பிழிவது மாதிரி திருகியது.

மேனேஜர் ஓடி வந்தார். என்னை எழுப்பிவிட்டார். நல்ல மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குக் கீழே இருந்ததை எடுப்பதற்காக எழுப்பினார். அதைக் குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பீங்கானைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும், 'டொக்' என்று கேட்டால் உள்ளே விரிசல். 'டங்' என்றது. "சாமிக்கு நன்றி" என்று மேலே பார்த்துக் கும்பிட்டார். விபத்து ஃபாரத்தில் பொருளைப் பற்றி ஒன்பது கேள்வி, ஆளைப் பற்றி ஒரு கேள்வி. "ஆள்: உயிருடன் உள்ளார்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

மாமா, ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். கமோடு கிடங்குக்குள் வரும்போதே இரண்டு பேர் அதைத் தட்டிப் பார்த்து, விரிசல் இல்லை என்று கையெழுத்துப் போடுகிறார்கள். பின்னால் உடைந்தால் எங்கே உடைந்தது, யார் பொறுப்பு என்று சண்டை வராது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் அதே வாசல் வழியாக இருபத்திரண்டு வயதில் உள்ளே போனேன். என்னை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. அந்த வயதில் தட்டியிருந்தால் தெருமுனை வரைக்கும் 'டங்' என்று கேட்டிருக்கும். இப்போது, உள்ளே வரும்போதே விரிசலோடுதான் வந்தான் என்கிறார்கள்.

ஆறு வாரமாக வீட்டில் இருக்கிறேன். இடது கால் பாதி மரத்துவிட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் எனக்குத் தெரிவதில்லை, கொஞ்ச தூரம் போன பிறகு யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். தெருவில் என்னை இப்போது 'ஒத்தச் செருப்பு' என்கிறார்கள். நரம்பை எலும்பு அழுத்துகிறது, சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் அந்தக் காலை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேலையில் பட்ட காயம் என்று இழப்பீட்டு அலுவலகம் முடிவு செய்தால் சிகிச்சை கம்பெனி செலவு, குணமாகும் வரை சம்பளம், திரும்பிப் போனால் வேலை. முன்னாலேயே இருந்த முதுகுவலி என்று முடிவானால் சிகிச்சை கிடையாது, சம்பளம் கிடையாது, உடல் தகுதி இல்லாதவன் என்று வேலையும் கிடையாது. நடுவில் மூன்றாவது வழி இல்லையாம்.

கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆள் முப்பத்து மூணு, முதுகு அம்பத்தஞ்சு" என்றார். பாராட்டுகிறாரா என்று ஒரு நிமிடம் குழம்பிவிட்டேன்.

"தேய்மானம். இது விழுந்ததால வந்ததில்ல."

"பதினோரு வருஷமா கமோடு தூக்குறேன் டாக்டர். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது."

"அது உங்க தொழில். நான் கேக்கிறது உங்க உடம்பைப் பத்தி."

அப்புறம் என் உடம்பைப் பற்றிக் கேட்டார். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள், தலையணை எவ்வளவு உயரம், அப்பாவுக்கு முதுகு வலிக்குமா, தாத்தாவுக்கு வலித்ததா. குழந்தையைத் தூக்குவீர்களா என்றார். பெத்த பிள்ளையைத் தூக்காமல் இருப்பேனா, தூக்குவேன் என்றேன். "வீட்டில் பளு தூக்கும் பழக்கம் உண்டு" என்று எழுதினார். மகளுக்கு எடை பதினெட்டு கிலோ, மாமா. கிடங்கில் அதைச் சாமான் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இது வரைக்கும்கூட சமாளித்திருப்பேன். அதற்குப் பிறகுதான் கம்பெனி வக்கீல் ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிப் போட்டார். என் கையெழுத்தோடு இருபத்து மூன்று லீவு ஃபாரம். இருபத்து மூன்றிலும் காரணம் ஒன்றே: "கடும் முதுகுவலி, எழுந்திருக்க இயலவில்லை."

இதை உங்களுக்கு விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்களும் என்னை நோயாளி என்று நினைத்துவிடுவீர்கள். எங்கள் கிடங்கில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். ஒருநாள் லீவுக்கு எந்தக் காரணம் எழுதினாலும் சான்று இணைக்க வேண்டும், முதுகுவலிக்கு மட்டும் வேண்டாம். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு. சாவு என்றால் இறப்புச் சான்றிதழ், அதுவும் அசல். கல்யாணம் என்றால் பதினைந்து நாள் முன்னால் பத்திரிகை. முதுகுவலி என்றால் ஒன்றும் வேண்டாம், பேரை எழுதிவிட்டுப் போகலாம். என்ன பெருந்தன்மை என்று நாங்கள் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம். டாக்டரிடம் போனால் அவர் சீட்டில் 'காரணம்' என்ற இடத்தில் ஏதாவது எழுதித் தொலைப்பார், 'பளு தூக்குவதால்' என்று எழுதிவிட்டால் வம்பு, அதனால் முதுகுவலிக்காரன் டாக்டர் பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்று மேலே யாரோ யோசித்திருக்கிறார்கள். இது இப்போதுதான் எங்களுக்குப் புரிகிறது. அப்போது புரியாததால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் முதுகுவலி என்றே எழுதினோம். வருகைப் பதிவு குமாஸ்தா, எதைப் பார்த்தாலும் குத்தி வைக்கிறவர், அவரைக் குண்டூசி என்போம், தினம் தினம் ஒரே வரியைப் படிக்கிற சலிப்பில் காரணத்தையும் சேர்த்து டைப் அடித்து நூறு நகல் எடுத்து வைத்துவிட்டார். பேர், தேதி, கையெழுத்து, அவ்வளவுதான். எங்கள் பிரிவில் நாற்பத்தோரு பேர். காகிதத்தை நம்பினால் அது கிடங்கு இல்லை, முதுகுவலி ஆஸ்பத்திரி.

எனக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒன்பது நாளில் முடிவாகி நடந்த கல்யாணம், பதினைந்து நாள் முன்னால் பத்திரிகைக்கு எங்கே போக. முதுகுவலி. மகள் பிறந்த அன்றைக்கும் முதுகுவலி, பிரசவ அறை வாசலில் நின்றேன். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு முதுகுவலி. கூரை ஒழுகி அரிசி மூட்டை நனைந்த அன்றைக்கு முதுகுவலி. வேறொரு கிடங்கில் வேலை கேட்டுப் போன அன்றைக்கு முதுகுவலி, அங்கேயும் முதல் கேள்வி "முதுகு எப்படிப்பா" என்பதுதான். ஒரு புதன்கிழமை காரணமே இல்லாமல் மதியம் வரை தூங்கினேன். அதற்கும் முதுகுவலி. இப்படிப் பார்த்தால் என் குடும்ப வாழ்க்கையில் நல்லது கெட்டது எதுவும் முதுகுவலி இல்லாமல் நடந்ததில்லை.

போன வியாழக்கிழமை முதல் விசாரணை. தொழிற்சங்கத்திலிருந்து மைக் வந்திருந்தார். கூட்டத்தில் மைக் இல்லாமலே பேசுவார், அதனால் அந்தப் பேர். விசாரணை அறை நம் வீட்டுச் சமையலறை அளவுதான், அதில் நாலு பீரோ, மூன்று மேசை, ஒரு மின்விசிறி. விசாரணை அதிகாரி ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க" என்றார்.

"உட்கார முடியாதுங்க மேடம்."

நாங்கள் வெளியே நின்று காத்திருந்ததைப் பார்த்திருந்த வக்கீல் உடனே, "ஒன்றரை மணி நேரம் நிற்கக்கூடிய முதுகு, குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்" என்றார். பயந்துபோய் உட்கார்ந்தேன். "சிரமமின்றி உட்கார்ந்தார், அதையும் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்." எழுந்திருக்க முடியாது, உட்காரவும் கூடாது என்று நாற்காலிக்கு நாலு விரல் மேலே தொங்கிக்கொண்டே மீதி விசாரணையைக் கேட்டேன். அன்றைக்குப் பட்ட வலிக்கே தனியாக ஒரு வழக்குப் போடலாம்.

வக்கீல் இருபத்து மூன்று ஃபாரங்களையும் வரிசையாக அடுக்கினார். "ஆண்டுக்கு இரண்டு முறை தவறாமல் வரும் நாள்பட்ட வலி. தொழிலாளியே தன் கையால் எழுதித் தந்திருக்கிறார். விழுந்தது வெறும் சாக்கு."

மைக் எழுந்தார். "மேடம், அது அத்தனையும் பொய்."

"எது பொய்?"

"இவன் எழுதினது. இவனுக்கு அப்பெல்லாம் முதுகும் வலிக்கல, ஒரு மண்ணும் வலிக்கல. இவன் பொய்யன் மேடம். சாதாரணப் பொய்யன் இல்ல, பதினோரு வருஷப் பொய்யன்."

அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார். "உங்க தரப்பே உங்களைப் பொய்யன்னு சொல்றாங்களே, உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்தாங்க."

வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "கடுமையாக ஆட்சேபிக்கிறேன். எங்கள் தொழிலாளி மீது அபாண்டம் சுமத்துகிறார்கள். பதினோரு ஆண்டுகளாக நிறுவனத்துக்கு உழைத்தவர். நேர்மையானவர். இப்படிப்பட்டவர் ஒருநாள் லீவுக்காகப் பொய் சொல்வார் என்பதை நிர்வாகம் ஒருபோதும் ஏற்காது."

மாமா, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருடத்தில் கம்பெனி என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. தினமும் வாசலில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து அனுப்புகிறவர்கள். ஒரு குழாய்த் திருகு காணாமல் போனால் நாற்பத்தோரு பேரையும் செருப்பைக் கழற்றச் சொல்கிறவர்கள். அவர்கள் பக்கத்திலிருந்து ஒருத்தர் கோட்டுப் போட்டுக்கொண்டு, இவர் பொய்யே சொல்ல மாட்டார் என்கிறார். என்னையறியாமல் தலையாட்டப் போனேன். மைக் என் விலாவில் முழங்கையால் இடித்து, "நீ திருட்டுப் பயலாவே இருடா" என்றார்.

எங்கள் பக்கம் என் கல்யாணப் போட்டோவைக் கொடுத்தோம். தேதி இருக்கிறது, மாலையோடு நான் இருக்கிறேன். வக்கீல் அதை வாங்கி உற்றுப் பார்த்தார். "மணமகன் முகத்தைக் கவனியுங்கள் மேடம். இது சந்தோஷமா இருக்கிற ஆளோட முகமா? வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிற முகம்." அதிகாரி அம்மாவும் பார்த்துவிட்டு, "ஆமா, ஏதோ கஷ்டம் தெரியுது" என்றார். விசாரணைக்குத் துணையாக வந்து பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி, வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் அதிகாரி அம்மா சொன்னார்: "பொய்யர்னு வாயால சொன்னாப் போதாது. அந்த நாள்கள்ல ஒரு நாளாவது இவர் முதுகு நல்லா இருந்துச்சுன்னு கண்ணால பார்த்த சாட்சி, ஆதாரத்தோட அடுத்த வியாழக்கிழமை கொண்டாங்க."

வெளியே வந்ததும் மைக்கிடம் கேட்டேன். "அண்ணே, நான் பொய்யன்னு நிரூபிச்சுட்டா, பொய் லீவு எடுத்தான்னு வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களே."

"தூக்குவாங்க."

"அப்புறம்?"

"தம்பி, முதல்ல பொய்யன்னு ஜெயிப்போம். தூக்கினா, உண்மையானவன்னு அடுத்த வழக்குப் போடுவோம்."

அவருக்கென்ன, அவருக்கு இரண்டு காலிலும் உணர்ச்சி இருக்கிறது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், மாமா. நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, நீங்கள் இப்போதிருக்கும் வீட்டுக்குக் குடி போனீர்கள். முந்தைய நாள் எனக்குப் போன் செய்து, "மாப்ள, ஆள் வச்சா சுவரையெல்லாம் இடிச்சுடுவானுங்க, நீ வந்தா நல்லாயிருக்கும்" என்றீர்கள். அன்றைக்கு நான் கம்பெனிக்குக் கொடுத்த காகிதம்தான் பதினாறாவது ஃபாரம்: கடும் முதுகுவலி, எழுந்திருக்க இயலவில்லை. எழுந்திருக்க இயலாத நான் உங்கள் இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி மூன்று மாடி கொண்டுவந்து சேர்த்தேன். லிஃப்ட் இருந்தது. பீரோ பட்டு லிஃப்டில் கீறல் விழுந்தால் வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடிப்பார் என்று நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நீங்கள் அன்று முழுக்க போனில் வீடியோ படம் பிடித்தீர்கள். புது வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இருந்த கீறல், ஆணி ஓட்டை, கறை எல்லாவற்றையும் தேதியோடு பதிவு செய்தீர்கள், நாளைக்கு வீட்டைக் காலி செய்யும்போது உங்கள் தலையில் கட்டிவிடக் கூடாது என்று. எவ்வளவு புத்தி. அன்றைக்கு நான் உள்ளுக்குள் சிரித்தேன், இப்போது சிரிக்கவில்லை. நீங்கள் சுவருக்குச் செய்ததை நான் என் முதுகுக்குச் செய்யாமல் விட்டேன். அந்தப் படத்தில் சுவருக்கு முன்னால் பீரோவோடு நான் போவது கட்டாயம் விழுந்திருக்கும். மாடிப்படியில் "சுவர்ல படாம, சுவர்ல படாம" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே வருவதும் கேட்கும். எடுத்ததை நீங்கள் அழிக்கிற ஆள் இல்லை.

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் போனோடு வந்து, "இவன் முதுகு அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு, லீவு ஃபாரம் பச்சைப் பொய்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வக்கீல் உங்களை ஒன்றும் செய்ய மாட்டார். ஒருவேளை உங்களையும் நேர்மையானவர் என்று புகழலாம், பயப்பட வேண்டாம். எனக்கெதுக்கு வம்பு என்று நீங்கள் சொல்வீர்கள் என்று அக்கா சொன்னாள். வம்பு என்னுடையதுதான், நீங்கள் தூக்க வேண்டியது ஒரு போனை மட்டும். அது இருநூறு கிராம்கூட வராது.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், கனமான புத்தகப் பையைத் தோளில் போட விடாதீர்கள், பின்னால் முதுகு வலித்தால் யாராவது அதைத்தான் காரணம் சொல்லுவார்கள். உங்கள் உடம்பை, முக்கியமாக உங்கள் முதுகை, இன்றைக்கே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பணிவுள்ள பொய்யன்,
உங்கள் மச்சினன்

பி.கு.: மாமா, மேலே உள்ளதை எல்லாம் படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப் போகும்போது பதிவுத் தபால் ஒன்று வந்தது. விசாரணை அதிகாரி இரு தரப்புக்கும் எழுதியிருக்கிறார். தொழிலாளிக்கு முன்பே முதுகுவலி இருந்ததா இல்லையா என்பதை வைத்து இந்த வழக்கு முடியாதாம். முன்பே வலி இருந்து, வேலையிடத்தில் விழுந்ததால் அது கூடிப் போயிருந்தாலும் கம்பெனியே பொறுப்பாம். விழுவதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது, விழுந்த பின்னால் எவ்வளவு ஆனது என்பதற்கு மட்டும் ஆதாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். மைக் அடுத்த நிமிடமே கூப்பிட்டார். "தம்பி, இந்த நிமிஷத்துலேருந்து நீ பொய்யன் இல்ல. எழுதின ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். விழுறதுக்கு முன்னாடி ஒரு நாள் படுத்தா சரியாகிற வலிதான்னு காட்ட அந்த ஃபாரம்தான் நமக்கு ஆதாரம்." "அப்ப அந்த வக்கீல்?" "அந்த ஆதாரத்தை உடைக்க, அவர்தான் இனிமே நீ பொய்யன்னு நிரூபிக்கணும். பாவம், புதுசா ஆரம்பிக்கணும்."

வியாழக்கிழமை நாக்கு கூசாமல் எப்படி மாற்றிச் சொல்வது என்று நின்றுகொண்டிருந்தேன். மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். "கூரை ஒழுகின அன்னிக்கு மேல ஏறினவர் இறங்க முடியாம அங்கேயே உட்கார்ந்திருந்தீங்களே, பக்கத்து வீட்டுக்காரர்தானே தோள் கொடுத்து இறக்கினார்" என்றாள். "அந்தப் புதன்கிழமை நீங்க தூங்கல. புரள முடியாமப் படுத்திருந்தீங்க. தூக்கம்னு நீங்களா சொல்லிக்கிட்டீங்க." நான் ஒவ்வொரு ஃபாரமாக யோசித்துப் பார்த்தேன். வலிக்காத நாள் என்று ஒன்றுகூட அகப்படவில்லை, மாமா. எங்கள் பிரிவில் நாற்பத்தோரு பேருக்கும் தினமும் வலிக்கும், எல்லாருக்கும் வலிப்பதால் அதை யாரும் வலி என்று சொல்வதில்லை. குண்டூசி அடித்து வைத்த பொய்யைப் பதினோரு வருடமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம், அத்தனையும் உண்மை. எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஆனால் அப்போதெல்லாம் செருப்பு காலில் நின்றது.

அதனால் வியாழக்கிழமை கட்டாயம் வாருங்கள், போனையும் கொண்டுவாருங்கள். பீரோ ஏற்றுகிற பகுதி வேண்டாம். ஏற்றி வைத்த பிறகு உங்கள் கூடத்துத் தரையில் நான் அரை மணி நேரம் மல்லாந்து கிடந்தேன், அப்புறம் தானாக எழுந்து இரண்டு காலிலும் நடந்து போனேன், அந்தப் பகுதியைக் காட்டினால் போதும். என்னைத் தாண்டித் தாண்டிப் போய் நீங்கள் சுவரைப் படம் எடுத்தது அதில் நன்றாகத் தெரியும். அதிகாரி அம்மா கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள்.